எலியில் தேறிய தடுப்பூசி குதிரைக்குப் போதுமா?

கேள்வி: குதிரை ஹெர்பீஸ் வைரசுக்கான புரதத் தடுப்பூசியை முதலில் சுண்டெலியில் சோதிப்பது ஏன்? எப்படிச் செய்வார்கள்?
- உயர்தர உயிரியல் மாணவி, கோண்டாவில்

பதில்: குதிரை ஹெர்பீஸ்-1 வைரசு சுவாச நோயும் கருச்சிதைவும் தரும், சிலவேளை பின்னங்கால்களை முடக்கும். சுண்டெலிக்கு இது இயற்கையில் வருவதில்லை. ஆனால் மூக்குவழி செலுத்தினால் நுரையீரலில் பெருகும், எலி மெலியும். முதற் சோதனைக்கு அது போதும்.

வைரசு கலத்துள் நுழைய அதன் மேற்பரப்பிலுள்ள, சர்க்கரைச் சங்கிலி ஏறிய கிளைக்கோபுரதம் டி கட்டாயம் தேவை. அதனால் பலரும் அதையே தடுப்பூசிக்குத் தேர்கிறார்கள். பூச்சிக் கலங்களில், பூச்சிகளைத் தொற்றும் பக்குலோவைரசு மூலம் ஆக்கினால் புரதம் ஓரளவு சரியாக மடியும், சர்க்கரைச் சங்கிலியும் ஏறும். பற்றீரியாவில் ஆக்கினால் சங்கிலி ஏறாது, மடிப்பும் பிழைக்கலாம். அப்போது, புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியை அளக்கும் எலைசாப் பரிசோதனையில் அது நிறையத் தெரியலாம். ஆனால் அது வைரசை முடக்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் ஒன்றும் இல்லாமற் போகலாம். அந்தப் பரிசோதனைக்கு முன் சீரத்தை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும். இல்லையேல் சீரத்திலுள்ள நிரப்புப் புரதங்களும் வைரசை அழித்து, முடிவைக் கூட்டிக் காட்டும்.

சில மைக்கிரோகிராம் புரதத்தை, நிர்ப்பீடனத்தைக் கூட்டும் துணையூக்கியுடன் இரு தடவை, சுமார் மூன்று வார இடைவெளியில் ஏற்றுவார்கள். பின்னர் எலியை மயக்கி வைரசை மூக்கில் சொட்டுவார்கள். மயக்கம் குறைந்தால் தும்மி வெளியேற்றிவிடும். சொட்டும் திரவம் மிகக் குறைந்தால் மூக்கோடு நின்றுவிடும், நுரையீரலை எட்டாது. தினமும் நிறுப்பார்கள். முதல் நாட்களிலேயே சில எலிகளின் நுரையீரலை எடுத்து அரைத்து, முயல் சிறுநீரகக் கலங்களில் வைரசை எண்ணுவார்கள். தாமதித்தால் தடுப்பூசி போடாத எலியும் வைரசைத் துடைத்துவிடும், வேறுபாடு மறைந்துபோகும்.

என் பார்வையில் இந்தச் சோதனையின் உயிர், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழுவில் இருக்கிறது. வெறும் உப்புநீர் ஏற்றிய எலிகள் போதா. பூச்சிக் கல எச்சமும் பக்குலோவைரசும் தாமாகவே நிர்ப்பீடனத்தைத் தூண்டும். ஆகவே டி புரதம் இல்லாத பக்குலோவைரசு தொற்றிய கலச் சாற்றை, அதே துணையூக்கியுடன், இன்னொரு குழுவுக்கு ஏற்றியே தீரவேண்டும்.

இத்தனையும் தேறினாலும் இது ஒரு சல்லடைதான். குதிரைகளில் பெரும்பாலானவை குட்டியிலேயே தொற்றுற்று, வைரசை ஒளித்து வைத்திருப்பவை. வெண்குருதிக் கலங்களுக்குள் பதுங்கியே வைரசு கருப்பைக்கும் முண்ணாணுக்கும் போகிறது. அங்கே பிறபொருளெதிரிக்கு அது எட்டாது. புதிதாகத் தொற்றும் எலியின் நுரையீரல் இதைச் சொல்லாது.

கேள்வி: நெடுந்தீவுக் குதிரைகளுக்கு இப்போதுள்ள தடுப்பூசியைப் போடலாமா?
- வாசகர், நெடுந்தீவு

பதில்: கொல்லப்பட்ட வைரசாலும் வலுக்குறைத்த வைரசாலும் ஆன தடுப்பூசிகள் உள்ளன. சினைக் குதிரைக்குக் கொல்லப்பட்டதை 5, 7, 9ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். முடக்கும் வடிவத்தைத் தடுப்பதாக எதற்கும் உறுதி இல்லை. கட்டில்லாமல் திரியும் கூட்டத்தை ஒவ்வொரு தவணைக்கும் பிடித்துக் கட்டுவது அவற்றுக்குக் கடும் அழுத்தம். உடலில் வைரசு ஒளிந்திருந்தால், அந்த அழுத்தமே அதை எழுப்பிவிடக்கூடும். ஆகவே முதலில் குருதி மாதிரியில் பிறபொருளெதிரி உண்டா என்று கால்நடை வைத்தியர் பார்க்கட்டும்.