இருட்டில் டார்ச்சால் வரைவது: கேள்வி பதில்

போன வாரம் தேரிக்காட்டில் எடுத்த ஒற்றைப் பனைமரப் படத்தைப் போட்டதும் நிறையக் கேள்விகள் வந்தன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, சுற்றிலும் இருட்டு, மரம் மட்டும் பொன் மாதிரி எப்படி? எத்தனை பேர் லைட் பிடித்தீர்கள்?

நான் ஒருவன்தான், கையில் ஒரு சின்ன எல்இடி டார்ச், அதன் முகப்பில் மஞ்சள் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு. கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரை 4 நிமிடம் திறந்துவைத்துவிட்டு மரத்துக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். இதுதான் முக்கியம். கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று அடித்தால் மரம் தட்டையாக, காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். பக்கத்திலிருந்து அடித்தால்தான் மட்டை விழுந்த தழும்புகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். அடிமரத்துக்குக் கொஞ்ச நேரம் போதும். உச்சி தூரம் என்பதால் அங்கே இரண்டு மூன்று மடங்கு நேரம் தடவினேன், அதுவும் காற்று நின்ற சமயம் பார்த்து, இல்லாவிட்டால் ஓலை பஞ்சாகிவிடும். டார்ச் ஒரு நொடிகூட நிற்காமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கறுப்புச் சட்டை போட்டு, டார்ச்சின் முகம் லென்ஸைப் பார்க்காமல் உடம்பால் மறைத்துக்கொண்டால் நீங்கள் படத்தில் தெரியவே மாட்டீர்கள்.

என்ன கேமரா சார்?

டார்ச்சால் கோடு வரைய, மேனுவல் மோடும் 30 விநாடி ஷட்டரும் உள்ள எதுவும் சரி. இந்த மரப் படம்போல 4 நிமிடம் திறந்துவைக்க மட்டும் பல்ப் மோடு (ஷட்டரை நாம் மூடும்வரை திறந்தே வைக்கும் வசதி) வேண்டும். புரோ மோடு உள்ள போனும் சரி. டிரைபாட் இல்லாமல் மட்டும் ஆகாது.

ஸ்டீல் வுல்லை (மெல்லிய இரும்பு நார்) கொளுத்திச் சுற்றித் தீப்பொறி மழை எடுக்க ஆசை. எப்படி?

வேண்டாம். அது எரிகிற இரும்பு, பொறி தரையில் விழுந்து துள்ளி எங்கேயோ போய் விழும். வருடங்களுக்கு முன் நான் சுற்றிய ஒரு பொறி பக்கத்துத் தோட்டத்து ஓலைவேலியில் உட்கார்ந்து, நாங்கள் கேமராவை மடக்கும்போதுதான் புகை தெரிந்தது. இரண்டு குடம் தண்ணீர் இருந்ததால் தப்பித்தோம்.

டார்ச்சைக் கேமரா பக்கம் காட்டிக் காற்றில் கோடு வரைகிறேன். ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்தால் அந்தக் கோடு இன்னும் பளிச்சென்று வருமா?

வராது. பின்னணிதான் வெளுக்கும். ஒரே டார்ச் என்றால், கோட்டின் பிரகாசம் அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு, எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), கை நகரும் வேகம் மூன்றையும் பொறுத்தது.

நீங்கள் சொல்வது தவறு சார். ஒளி அதிக நேரம் விழுந்தால் எக்ஸ்போஷர் (பதிவாகும் ஒளியின் அளவு) கூடும், அடிப்படைப் பாடம் இது.

நிற்கிற பொருளுக்கு அந்தப் பாடம் சரி. நகர்கிற ஒளி, படம் பதியும் சென்சாரில் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது, மிச்ச நேரம் அந்தப் பழைய புள்ளிக்கு டார்ச்சிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. இன்றைக்கே மொட்டைமாடியில் செய்து பாருங்கள்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, அதே வேகத்தில் ஒரு வட்டம், முதலில் 10 விநாடி ஷட்டர், அப்புறம் 30 விநாடி. வட்டம் மாறாது, வானம் மட்டும் மாறும்.

நான் மெதுவாக வரைந்தபோது பிரகாசமாக வந்ததே அண்ணா?

அதேதான். மெதுவாகப் போனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி அதிக நேரம் நிற்கிறது. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்: பின்னணிக்கு ஷட்டர், கோட்டுக்கு அப்பெர்ச்சர்.

கடற்கரை ஈரமணலில் ஸ்டீல் வுல் சுற்றலாமா?

அங்கேயும் ஆள் இருக்கும், பொறி யார் கண்ணிலாவது படலாம். வேண்டாம்.

4 நிமிடம் என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள்? ஒவ்வொரு முறையும் காத்திருந்து பார்க்கவா?

நல்ல கேள்வி. ஐஎஸ்ஓ 6400 வைத்து ஒரு சோதனைப் படம். அதில் 4 விநாடியில் பின்னணி சரியாக வந்தால், ஐஎஸ்ஓ 100-க்கு அதைப்போல 64 மடங்கு நேரம், அதாவது 256 விநாடி, ஏறக்குறைய 4 நிமிடம். பல்ப் மோடு, கையில் ரிமோட். ஃபோகஸுக்கு டார்ச்சை மரத்தின்மேல் நிலையாக அடித்து, பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த கேமரா வாங்கலாம்?

மேலே இருக்கிறது.

பெயர் எழுதினேன், தலைகீழாக வருகிறது.

இடவலம் மாறியிருக்கும். எழுதுகிறவர் கேமராவைப் பார்த்து நின்றால் அப்படித்தான். கணினியில் படத்தைத் திருப்பிவிடுங்கள், பின்னால் கடைப்பலகை இருந்தால் அதன் எழுத்தும் திரும்பிவிடும், அது இல்லாத இடமாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைகிற ஆளும் படத்தில் தெரிய வேண்டும். என் தங்கை ஆவிபோல வருகிறாள்.

ஒரே ஒரு ஃப்ளாஷ். 1949-இல் புகைப்படக்காரர் ஜோன் மிலி, பிரான்சில் ஓவியர் பிக்காசோவை இப்படித்தான் எடுத்தார். இருட்டறையில் பிக்காசோ சின்ன விளக்கால் காற்றில் வரைய, ஃப்ளாஷ் வெளிச்சம் அவர் உருவத்தைப் பதிந்துகொண்டது. தங்கை வரைந்து முடித்ததும் அசையாமல் நிற்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து ஒருமுறை ஃப்ளாஷ் அடியுங்கள், உடனே ஷட்டரை மூடுங்கள். முகம் கூர்மையாக வரும்.

ஸ்டீல் வுல் எந்தக் கடையில்...

இதற்கு இனிப் பதில் இல்லை. கம்பி மத்தாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் நிலா வெளிச்சத் தொல்லையும் இல்லை. எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 10 விநாடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பருத்தித்துணிதான் போட்டுக்கொள்ள வேண்டும். எரிந்த கம்பியை வாளியில் போட்ட பிறகே அடுத்ததைக் கொளுத்துங்கள்.