துபாஷி மாணவர்களுக்கு நாடகப் பயிற்சி தேவையா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பில் பத்துப் பேருக்கு இந்தி–தமிழ் துபாஷிப் பயிற்சி (ஒருவர் பேசுவதை அங்கேயே மற்ற மொழியில் வாயால் சொல்வது) தருகிறேன். ஆஸ்பத்திரிகளில் வடமாநிலத் தொழிலாளர்களுக்காகப் பேசப் போகிறவர்கள். மொழி நன்றாக வருகிறது. ஆள் முன்னால் நின்றதும் குரல் உள்ளே போய்விடுகிறது. நாடகம், மேடைப்பேச்சுப் பயிற்சி உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும். ஆனால் நடிப்பிலிருந்து தொடங்காதீர்கள், மூச்சிலிருந்து தொடங்குங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'இல்லை', 'கூடாது', 'வேண்டாம்' எல்லாம் அங்கேதான். "பென்சிலின் எனக்கு ஒத்துக்காது" என்று நோயாளி சொன்னதைத் தமிழில் சொல்லும்போது மூச்சு தீர்ந்தால், டாக்டர் காதில் 'ஒத்துக்' வரைதான் விழும். உயிருக்கே ஆபத்து.

மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சிழுத்து, 'ஸ்ஸ்' என்று 15 முதல் 20 விநாடி சீராக விடச் சொல்லுங்கள். தோள் தூக்கினால் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிட்டது என்று பொருள். பிறகு ஜன்னலைத் திறந்து, தெரு இரைச்சலிலேயே பத்தடி தள்ளி நிற்பவரிடம் ஒரு செய்தி சொல்லட்டும்; கேட்பவர் கடைசிச் சொல்லை மட்டும் எழுத வேண்டும். கத்த விடாதீர்கள். தொண்டை இறுகினால் சத்தம் ஏறும், சொல் தெளியாது.

நாடகம் உண்மையில் கைகொடுப்பது 'நான்' என்று சொல்லும் இடத்தில். புதியவர்கள் கூச்சத்தில் "அவருக்கு வயிறு வலிக்குதாம்" என்பார்கள். அந்த 'ஆம்' நோயாளியின் பேச்சையே சந்தேகத்துக்குரியதாக்கிவிடும். நோயாளி சொன்னபடியே "எனக்கு வயிறு வலிக்குது" என்றுதான் வர வேண்டும். டாக்டர், நோயாளி, துபாஷி என்று மூன்று மூன்று பேராக ஐந்து நிமிடம் பேசி, வேடத்தை மாற்றிக்கொள்ளட்டும். இந்தியில் 'பார்க்கிறேன்' என்பதை ஆண் 'தேக்தா ஹூ(ம்)' என்றும் பெண் 'தேக்தி ஹூ(ம்)' என்றும் சொல்வார்கள்; ஆண் டாக்டருக்காக ஒரு பெண் பேசும்போது எது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் யோசித்தால் வாக்கியம் அறுந்துவிடும்.

நோயாளி அழுதால் துபாஷியும் அழ வேண்டியதில்லை. குரலின் கனம் பாதி வந்தால் போதும். திக்கலையோ கொச்சையையோ அப்படியே செய்து காட்டினால் அது கேலி. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவுக்கும் சபைக்கும் நடுவே நின்று சொந்தக் கருத்தையும் சேர்ப்பான். அந்த உரிமை துபாஷிக்கு இல்லை.

மேடைப்பேச்சிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள்: குறிப்பில் ஒரு வரி பார், தலை நிமிர், பிறகு பேசு. குனிந்து படித்தால் குரல் காகிதத்தில்தான் விழும்.

இதைத் தனிப் பட்டறையாக நடத்தாதீர்கள். கவனம் மொழிமாற்றத்துக்குப் போனதும் முதலில் தளர்வது குரல்தான். 90 நிமிட வகுப்பில் 20 நிமிடம் இதற்கு ஒதுக்கி, மீதி நேரம் மொழிமாற்றிக்கொண்டே அதே பயிற்சியைச் செய்யுங்கள். ஒவ்வொருவர் பேச்சையும் வாரம் ஒருமுறை செல்போனில் பதிவு செய்து, கேட்காமல் போன கடைசிச் சொற்கள் எத்தனை என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.