செல் வாழ்வதா, சாவதா: ஏற்பிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மேடம், நான் பன்னிரண்டாம் வகுப்பு. செல்லின் மேற்பரப்பில் இருக்கிற ஒரு புரதம் எப்படி அந்தச் செல்லையே கொல்ல முடியும்?

பதில்: ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் மேற்பரப்புப் புரதம், நேரடியாகக் கொல்வதில்லை. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் வெட்டும் நொதிகளைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஃபாஸ் என்ற ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். டி செல் (நோய் எதிர்ப்புச் செல்) ஒன்று தன் மேலுள்ள ஃபாஸ் லிகண்டோடு (ஃபாஸில் பொருந்தும் மூலக்கூறு) வந்து ஒட்டினால், ஃபாஸ் ஏற்பிகள் கூட்டமாகச் சேரும். அவற்றின் உட்பக்கத்தில் ஒரு இணைப்புப் புரதம் பிடித்துக்கொள்ளும், அதில் காஸ்பேஸ்-8 என்ற வெட்டும் நொதி வந்து சேரும். காஸ்பேஸ்-8 மூலக்கூறுகள் நெருங்கி உட்கார்ந்தாலே விழித்துக்கொள்ளும். அப்புறம் காஸ்பேஸ்-3 விழிக்கும். அது செல்லின் நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டிவிடும். செல் சுருங்கித் துண்டுகளாகும், பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். உள்ளே இருப்பது வெளியே சிந்தாததால் பெரும்பாலும் அழற்சி வராது. 1972-இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

கேள்வி: யாரும் கொல்லாவிட்டால் செல் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்குமா?

பதில்: நம் உடலின் பெரும்பாலான செல்களுக்கு அப்படி இல்லை. ‘இரு’ என்று வெளியிலிருந்து யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கரு வளரும்போது நரம்பு மண்டலத்தின் பல பகுதிகளில் ஏறக்குறைய பாதி நியூரான்கள் செத்துப்போகின்றன. பரிவு நரம்புச் செல்களுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணி கிடைத்தால், டிர்க்-ஏ ஏற்பி வழியாக ஆக்ட் என்ற நொதி வேலை செய்யும். அது பேட் என்ற சாவுப் புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி அதை முடக்கும். காரணி கிடைக்காத செல் போய்விடும். இந்தக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கு, ஸ்டான்லி கோஹனுடன் சேர்த்து 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: ஹீலா செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்), செல்லைக் கொல்லக்கூடிய டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்தேன். ஒன்றும் சாகவில்லை. மருந்து கெட்டுவிட்டதா?

பதில்: மருந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. டிஎன்எஃப் ஏற்பி-1 முதலில் கட்டுவது வாழவைக்கும் கூட்டணி. அது, மரபணுக்களைக் கிளப்பும் என்எஃப்-கப்பாபி என்ற புரதத்தை இயக்கும். உடனே செல் சி-ஃபிளிப் போன்ற காப்புப் புரதங்களைத் தயாரிக்கும். அந்த சி-ஃபிளிப் காஸ்பேஸ்-8-ஐத் தடுத்துவிடும். ஆகவே உங்கள் செல்கள் செய்தது சரியான வேலைதான். புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், அதே டிஎன்எஃப் அதே செல்லைக் கொல்லும். சைக்ளோஹெக்சிமைடு மட்டும் கொடுத்த தட்டு ஒன்றையும் மறக்காமல் வையுங்கள்; அது இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. காஸ்பேஸ்-8 முடக்கப்பட்டால், சில செல்கள் ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3, எம்எல்கேஎல் என்ற புரதங்களின் பாதையில் சவ்வு கிழிந்து சாகும். இது நெக்ரோப்டோசிஸ், இதில் அழற்சி உண்டு. ஹீலாவில் ஆர்ஐபிகே3 இல்லாததால் அங்கே இது தெரியாது. எல்929 எலிச் செல்களில் பாருங்கள். ஏற்பி ஒன்றேதான், முடிவைத் தீர்மானிப்பது உள்ளே அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்பது.

கேள்வி: அப்படியானால் ஃபாஸைத் தூண்டி புற்றுநோயைக் கொன்றுவிடலாமே?

பதில்: நியாயமான ஆசைதான். ஆனால் ஃபாஸைத் தூண்டும் எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது, கல்லீரல் அழிந்து சில மணி நேரத்திலேயே அவை இறந்தன. 1993-இல் வெளியான முடிவு அது. கல்லீரல் செல்களிலும் ஃபாஸ் இருக்கிறது, அதுதான் சிக்கல். அதனால் கவனம், ஃபாஸைப் போலவே சாவைத் தூண்டும் டிரெயில் ஏற்பிகள் பக்கம் போனது. எலிகளில் நம்பிக்கை தந்த டிரெயில் மருந்துகள், நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இதுவரை நன்றாகப் பலித்தது எதிர்த்திசை வழிதான்: ஹெர்2 போன்ற வளர்ச்சி ஏற்பிகளிலிருந்து கட்டிக்குக் கிடைக்கும் ‘வாழு’ சமிக்ஞையை மருந்தால் வெட்டுவது.

கேள்வி: பிறவியிலேயே ஃபாஸ் பழுதானால்?

பதில்: வேலை முடிந்த லிம்போசைட்டுகள் சாகாமல் தேங்கும். நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்கும், தன் செல்களையே தாக்கும் நோய்களும் வரலாம்.

கேள்வி: லிகண்ட் வராவிட்டால் கொல்லும் ஏற்பி உண்டா?

பதில்: உண்டு. டிசிசி என்ற ஏற்பி, நெட்ரின்-1 என்ற அதன் லிகண்ட் ஒட்டியிருக்கும்வரை சும்மா இருக்கும். நெட்ரின் இல்லையென்றால் சாவைத் தூண்டும். தன் இடத்தை விட்டு வேறெங்கோ போய் வளரப் பார்க்கும் செல்லுக்கு இது ஒரு தடை. அதனால்தான் பல பெருங்குடல் கட்டிகள் டிசிசியையே இழந்துவிடுகின்றன, வேறு சில கட்டிகள் நெட்ரினைத் தாங்களே சுரந்துகொள்கின்றன.