விளக்கு மங்கினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: காரின் முன்பக்கம் கூடுதலாக இரண்டு 55 வாட் ஹாலஜன் பனிவிளக்குகளை ஒரே ரிலே வைத்துப் பொருத்தியிருக்கிறேன். சில வாரங்களாக இடது விளக்கு மங்கலாக எரிகிறது. மழை பெய்தால் அணைந்தே போகிறது. பல்பை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. போன வாரம் 15 ஆம்பியர் ஃபியூஸும் போய்விட்டது. 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து போடாதீர்கள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. உங்கள் இரண்டு விளக்குகளும் சேர்ந்து இழுப்பது 9 ஆம்பியருக்குச் சற்றே மேல்தான். அப்படியிருந்தும் 15 ஆம்பியர் ஃபியூஸ் போனது என்றால், எங்கோ ஒரு வயர் தோலுரிந்து பாடியைத் தொடுகிறது என்று பொருள். 30 ஆம்பியர் போட்டால் ஃபியூஸ் நிற்கும், வயர் உருகும். எஞ்சின் அறையில் தீப்பிடிக்க அதுவே போதும்.

இனி மங்கலுக்கு வருவோம். வலது விளக்கு நன்றாக எரிகிறது அல்லவா? அப்படியானால் பேட்டரி, ஸ்விட்ச், ரிலே மூன்றையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவை இரண்டு விளக்குக்கும் பொது. வயர் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பிறகு, இடதுபக்கத்தில்தான் கோளாறு இருக்கிறது.

மீட்டர் ஏன் 12 வோல்ட் காட்டியது? கனெக்டரைக் கழற்றி, அதன் முனையில் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. பத்து இருபது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய வயர்கூட அதற்கு முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். விளக்கு நாலரை ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த வயரின் வண்டவாளம் தெரியும். ஆகவே விளக்கு எரியும்போது அளக்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் நேரடியாக வைத்து, சிவப்பு முனையை இடது விளக்கின் எர்த் வயர் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வயர்) கனெக்டருக்குள் நுழையும் இடத்தில், பின்பக்கமாகச் செருகித் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று காட்டினால் அத்தனை வோல்ட்டும் விளக்குக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே வீணாகிறது. ஹாலஜன் பல்பு இந்த விஷயத்தில் இரக்கமே காட்டாது: வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். 2 வோல்ட் போனால் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும்.

எர்த் பக்கம் சரியாக இருந்தால் இதே சோதனையை பேட்டரியின் பாசிட்டிவுக்கும் விளக்கின் பாசிட்டிவ் வயருக்கும் இடையே செய்யுங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. மீட்டரே வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி உண்டு. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தனி வயரை இழுத்து, விளக்கின் எர்த் முனையில் தொட்டுப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில்தான்.

உங்கள் விளக்கிலும் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. மழையில் அணைவது அதற்கு நல்ல சாட்சி. எர்த் வயரைப் பெரும்பாலும் பம்பருக்குப் பின்னால், பெயின்ட் அடித்த தகட்டில், கைக்கு அகப்பட்ட போல்ட்டில் முடுக்கிவிடுவார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை மட்டும் தொட்டுக்கொண்டு சில மாதம் ஓடும். பிறகு துரு ஏறும். என் வண்டியிலேயே இது நடந்தது. வெளியே பார்க்க வயர் புதிதுபோல இருந்தது. வளையமுனைக்குப் பக்கத்தில் உறையைச் சீவினால், செம்பு இழைகள் கறுத்து, பச்சைக் களிம்பு பூத்து, விரலால் தேய்த்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. தண்ணீர் இழைகளுக்கிடையே திரிபோல ஏறி நான்கு விரற்கடை உள்ளே போயிருந்தது. அதனால் முனையை மட்டும் மாற்றாதீர்கள்; பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். தகட்டில் பெயின்டை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியத் தேயுங்கள். புதிய வளையமுனையை நன்றாக அழுத்திப் பொருத்தி, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். வலதுபக்க எர்த்தும் அதே கையால் செய்யப்பட்டதுதானே? அதையும் பார்த்துவிடுங்கள்.

ஃபியூஸ் போனது தனிக் கோளாறு. மழைநீர் மட்டும் 15 ஆம்பியர் ஃபியூஸை உருக்கிவிடாது. பேட்டரியை மறுபடி இணைத்து, இரண்டு விளக்கின் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 55 வாட் பல்பை வயர் வைத்து இணைத்து, ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு எரியக் கூடாது. எரியாவிட்டால் வயரை முழு நீளத்துக்கும் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே வாருங்கள். தகட்டு ஓரங்கள், ரேடியேட்டர் சட்டம், ஓட்டைகளுக்குள் நுழையும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. எந்த இடத்தை அசைக்கும்போது பல்பு பளிச்சிடுகிறதோ, அங்கேதான் வயர் உரசித் தோலுரிந்திருக்கிறது. அந்தப் பகுதியை மாற்றி, உறைக்குழாய்க்குள் விட்டு, 15 ஆம்பியர் ஃபியூஸையே திரும்பப் போடுங்கள். பல்பு சீக்கிரம் சூடேறும். கண்ணாடியைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கின் மேல் வைக்காதீர்கள். இதற்கென்று புதிய பல்பு வாங்க வேண்டாம். நீங்கள் கழற்றிப்போட்ட இரண்டு பல்புகளும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும்.