வாசகர் கேள்வி – பதில்: பழைய போர் விமானங்களைப் படம்பிடித்தல்

கேள்வி: பிள்ளைகளுடன் ரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குச் சென்றபோது கைத்தொலைபேசியில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். அவற்றை வகுப்பில் புரொஜெக்டரில் ஸ்லைட் ஷோவாகக் காட்ட விரும்புகிறேன். ஆனால் கொட்டகைக்குள் எடுத்தவற்றில் பல விமானங்கள் கருநிழலாகவே தெரிகின்றன. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, கல்லடி

பதில்: கொட்டகையின் திறந்த வாசல் விமானத்துக்குப் பின்னால் இருக்கும்படி நின்று எடுத்திருப்பீர்கள். வெளியே உள்ள வெயிலுக்கேற்பக் கமரா தன்னைச் சரிசெய்துகொள்வதால் விமானம் இருண்டுவிடுகிறது. அடுத்த முறை வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். திரையில் விமானத்தின் உடலைத் தொட்டு வெளிச்ச அளவைச் சற்று உயர்த்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம், அலுமினியத் தகட்டில் பட்டுத் தெறித்து வெள்ளைத் திட்டாகிவிடும். மிக அருகில் நின்று அகலக் கோண வில்லையால் எடுத்தால் மூக்கு ஊதிப்பெருத்து வாற்பகுதி சுருங்கிவிடும் என்பதால், இடமிருந்தால் பின்னே நகர்ந்து எடுப்பதே நல்லது.

முழு விமானத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு என்பது என் எண்ணம். 1971இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த மிக்-17 ஜெட் போர் விமானத்தின் மூக்குத் துவாரத்துக்கு நேரே நின்று பாருங்கள்: உள்ளே போகும் காற்றை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தகடு தெரியும். டக்கோட்டா போக்குவரத்து விமானத்தின் இறக்கை வேரில் வரிசை வரிசையாக இறங்கும் ரிவெட்டு ஆணிகளைப் பக்கவாட்டு ஒளியில் எடுத்தால், ஒவ்வொன்றும் தன் சிறு நிழலோடு நிற்கும். பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் பார்ப்பது இவற்றைத்தான்.

முந்நூறில் முப்பதைத் தேர்ந்தால் போதும். ஒவ்வொரு விமானத்துக்கும் முதலில் முழுத் தோற்றம், பிறகு இரண்டு நெருக்கப் படங்கள் என்று அடுக்குங்கள். புரொஜெக்டர் திரை பெரும்பாலும் 16:9 விகிதத்தில் இருப்பதால், நிமிர்த்தி எடுத்த படங்கள் இருபுறமும் கறுப்புப் பட்டையுடன் சிறுத்துத் தெரியும். கோப்புகளுக்கு 001, 002 எனப் பெயரிடுங்கள். 1, 2 என்று இட்டால் சில கருவிகளில் 1க்கு அடுத்து 10 வந்து வரிசை குலைந்துவிடும். வட்ஸ்அப்பில் அனுப்புவதாயின் ஆவணமாக அனுப்புங்கள், இல்லையேல் படம் சுருக்கப்பட்டுத் தெளிவிழந்துவிடும்.

முதல் படமாகக் கல்லடிக் கடலையே வையுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது. தினமும் பார்க்கும் கடலிலிருந்து தொடங்கினால், ரத்மலானையில் நிற்கும் விமானங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றமாட்டா.

கேள்வி: விமானப்படையில் வேலை செய்த மாமாவின் அல்பத்தில் 1960களின் ஜெட் புரவோஸ்ட் பயிற்சி விமானப் படங்கள் உள்ளன. ஸ்கேனர் இல்லாமல் அவற்றை ஸ்லைட் ஷோவில் சேர்க்க முடியுமா?
– ஒரு வாசகர், கல்முனை

பதில்: முடியும். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, மின்விளக்கை அணைத்து, கமராவை அதற்கு இணையாக மேலே பிடித்து எடுங்கள். ஒட்டிய படங்களைப் பிய்க்க முயலாதீர்கள், அல்பத்தோடே எடுங்கள். கழற்றக்கூடிய படமாயின் பின்புறத்தையும் எடுத்துவையுங்கள். மாமா தம் கையால் திகதியோ விமானத்தின் இலக்கமோ எழுதியிருந்தால், அதுவே உங்கள் படத்துக்கு மிகச் சிறந்த குறிப்பு.