ஃப்ரேம் கடையில முளைச்ச கேலரி

அன்புள்ள சார்,
மும்பை கெமோல்ட் ஓவிய கேலரிய அப்படி புகழுறீங்களே, அப்பா அம்மா ஆரம்பிச்சு இப்ப மகள் நடத்துற கடைதானே அது? எங்க தெரு மளிகைக் கடையும் மூணு தலைமுறைதான். இதுல என்ன வரலாறு?
(பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார்)

வணக்கம்.

கடைதாங்க, நான் மறுக்கல. ஆனா என்ன கடைன்னு பாருங்க. 1941ல நீங்க சொல்ற அப்பா, கெகூ காந்தி, ஆரம்பிச்சது கேலரியே இல்ல, படத்துக்கு ஃப்ரேம் செய்யுற தொழில். (காந்திக்கு சொந்தமான்னு அடுத்த கடிதம் போட்றாதீங்க, இவங்க பார்சிக்காரங்க.) வெறும் சட்டத்த மாட்டி வெச்சா எவன் திரும்பிப் பார்ப்பான், அதனால அப்ப பெருசா யாரும் சீண்டாத ஆரா, ஹுசைன் மாதிரி மாடர்ன் ஓவியர்கள் படத்தையெல்லாம் ஷோரூம்ல மாட்டுனாரு. 1963லதான் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி மாடியில ஒரு சின்ன இடத்துல அவரும் மனைவி கோர்ஷெதும் கேலரி கெமோல்ட்டை திறந்தாங்க.

ஃப்ரேம்னா லேசா நினைக்காதீங்க. நான் ஒரு தடவ ஒரு பிரிண்ட்ட கடையில குடுத்தேன், மவுண்ட் அட்டை (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி விடுற அட்டை) வைக்காம கண்ணாடிய நேரா பேப்பர் மேல அழுத்திட்டாங்க, ரெண்டு மழைக்காலம் போனதும் மை கண்ணாடியில ஒட்டிக்கிச்சு, பிரிச்சா பாதி முகம் கண்ணாடியோட வருது!

மளிகைக்கு வருவோம். அரிசி வாங்குனவங்க அடுத்த மாசம் திரும்ப வருவாங்க. மாடர்ன் ஆர்ட்ல? ஓவியர் தையப் மேத்தா 1925ல பிறந்தவரு, அவரோட 'செலிப்ரேஷன்' ஓவியம் கிறிஸ்டீஸ் ஏலத்துல ஒன்றரைக் கோடி ரூபாய் பக்கம் போனது 2002ல. கணக்குப் போட்டுக்குங்க. அவ்ளோ வருஷம் கல்லாவ நம்பி மட்டும் எவனும் உக்கார மாட்டான், ஃப்ரேம் வியாபாரம் ஒரு பக்கம் ஓடுனதாலயும் வீட்டு ஆளுங்களே நின்னதாலயும்தான் தாக்குப்பிடிச்சாங்கன்னு எனக்கு தோணுது.

மகள் ஷிரீன் 1988ல பொறுப்புக்கு வந்தாங்க. அப்பா மாட்டுன ஆளுங்களையே மாட்டிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம், ஆனா அவங்க காலத்து ஓவியர்கள் வீடியோ, இன்ஸ்டலேஷன்னு (பொருட்கள வெச்சு ஒரு இடத்தையே படைப்பா அமைக்கிறது) போயிட்டாங்க, அதையெல்லாம் அந்த மாடியில எங்க வைக்கிறது? 2007ல மும்பை ஃபோர்ட் பகுதியில இருக்குற பிரெஸ்காட் ரோட்டுக்கு, பெரிய இடத்துக்கு மாறிட்டாங்க.

அந்தப் பக்கம் போனா சும்மா ஏறிப் பாருங்க, டிக்கெட் கிடையாது, வாங்கித்தான் ஆகணும்னும் இல்ல. அப்படியே ஃப்ரேமையும் கவனிங்க.