கேமரா கேள்வி-பதில்: மூடுபனியும் சிவப்பு ஃபில்டரும்

கேள்வி: மலையில் விடியற்கால மூடுபனியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தது படத்தில் அழுக்குச் சாம்பலாகக் கிடக்கிறது. லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் போடச் சொன்னார்கள், போட்டும் பிரயோஜனமில்லை. எங்கே தப்பு?

பதில்: பாதித் தப்பு கேமராவுடையது. அதன் ஒளிமானிக்கு எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவரும் சாம்பல், கரிமூட்டையும் சாம்பல். பனி நிரம்பிய காட்சியில் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்பு) +1 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம், வலது ஓரத்தில் போய் முட்டாமல் இருந்தால் சரி.

ஃபில்டர் விஷயம் வேறு. தூரத்து மலை நீலமாக மங்கித் தெரிகிறதே, அது காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால். சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தைத் தடுக்கும். 1927இல் கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். மனம் ஒப்பவில்லை. படம் பதியும் கண்ணாடித் தட்டு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, அதில் அடர் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் கிட்டத்தட்ட கறுப்பாகவே வந்தது. ஆனால் அது தெளிந்த நீல வானம். மூடுபனியின் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவதே அதனால்தான். அங்கே சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) தின்றதுதான் மிச்சம். (நானும் ஒரு சீசன் முழுக்க மாட்டிக்கொண்டு அலைந்தவன்தான்.)

அப்புறம், உங்கள் படத்தில் கறுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் ஒரு படம் உண்டு: ஐந்து முகடுகள், ஒன்றைவிட ஒன்று வெளுத்து, கடைசி முகடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இடது மூலையில், இருபது அடி தூரத்தில், ஈரத்தில் ஊறிக் கறுத்த பட்டமரம் ஒன்று. அதைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தால் மொத்தப் படமும் சாயம்போன துணி. ஆட்டோஃபோகஸும் பனியில் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அந்த மரத்து விளிம்பில்தான் கையால் ஃபோகஸ் செய்தேன்.

கேள்வி: மலையிலிருந்து அறைக்குத் திரும்பியதும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடுகிறது. துடைக்கலாமா?

பதில்: வேண்டாம். சட்டை நுனியால் துடைத்து ஒரு லென்ஸைக் கீறலாக்கியவன் சொல்கிறேன். குளிரிலேயே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும். கேமரா அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள்.

கேள்வி: கேமராவிலேயே கறுப்பு வெள்ளையில் எடுப்பதா, கலரில் எடுத்து மாற்றுவதா?

பதில்: ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், கேமராத் திரையை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். நிறத் தகவல் ஃபைலில் பத்திரமாக இருக்கும். பிறகு கணினியில் மாற்றும்போது நீலத்தைக் குறைத்தால் தூரத்து மலை கறுத்துத் தெளியும், கூட்டினால் மங்கல் ஏறும். நான் பெரும்பாலும் கூட்டத்தான் செய்கிறேன்.